‘ஐஸ்’ வைக்கத் தெரியுமா உங்களுக்கு?

டூருக்கு ஏத்த ஐஸ் பெட்டியைப் பார்த்து வாங்க ஒரு பக்கா கைடு!

ஹெச்.ஓ.டி.க்கு ஐஸ் வைக்கிறதுல நீங்க கில்லாடின்னு தெரியும் பாஸ். இன்டர்னல் மார்க்குக்காக நீங்க வச்ச ஐஸ்ல டிபார்ட்மென்ட்டே ஜில்லுன்னு இருக்குமே! ஆனா, நிஜமான ஐஸை ஒரு பெட்டியில வச்சு, காலையில ஆறு மணிக்கு வில்லியனூர்ல கிளம்பி, சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உருகாம காப்பாத்தத் தெரியுமா? அந்த சப்ஜெக்ட்லதான் முக்கால்வாசி கேங்குக்கு அரியர்!

செமஸ்டர் முடிஞ்சா போதும், பாகூர், வில்லியனூர் கொம்யூன் பக்கத்துப் பசங்களுக்குப் போறதுக்கா இடமில்லை? இந்தப் பக்கம் ஊசுட்டேரி, அந்தப் பக்கம் பாகூர் ஏரிக்கரை. கொஞ்சம் தள்ளிப் போனா சுண்ணாம்பாறு, மணப்பட்டு கடற்கரை. இன்னும் ஆசைப்பட்டா திருவக்கரை கல்மரப் பூங்கா, செஞ்சிக் கோட்டை. பைக்குக்கு பெட்ரோல் யாரு, சிக்கன் மேரினேட் பண்றது யாருன்னு ஒரு வாரம் முன்னாடியே பிளான் ரெடி. ஐஸ் பெட்டி மட்டும் கிளம்பற அன்னைக்குக் காலையிலதான் ஞாபகம் வரும். கைக்குக் கிடைச்ச ஒரு தெர்மாகோல் பெட்டி, அதுல ரெண்டு கட்டி ஐஸ்... ஓ.கே., ரைட்!

மதியம் திறந்து பார்த்தா? வெதுவெதுன்னு ஒரு குட்டிக் குளம். அதுல லெமன் சாதப் பொட்டலம் படகு விட்டுக்கிட்டு இருக்கும். சிக்கன்ல லேசா ஒரு வாடை. “பரவாயில்லடா, நெருப்புல வச்சா சரியாயிடும்”னு ஒரு குரல் வரும் பாருங்க... மறுநாள் பாதி கேங் டாய்லெட்லயே டேரா!

ஒரே ஒரு விஷயத்தைப் புரிஞ்சுக்கிட்டா போதும். ஐஸ் பெட்டி எதையும் குளிர வைக்காது. குளிர வைக்கிறது ஐஸ். வெளியில இருக்கற வெயிலை உள்ளே விடாம வாசல்ல நிக்கிற வாட்ச்மேன்தான் பெட்டி. அதனால, வாங்கும்போது கலரையும் ஸ்டிக்கரையும் பார்க்காதீங்க. இந்த வாட்ச்மேன் தூங்குவானா, முழிச்சிருப்பானான்னு பாருங்க!

பாஸ்டன் டு மெட்ராஸ்!

சென்னைக்குப் போனா மெரினா எதிர்ல விவேகானந்தர் இல்லத்தைப் பார்த்திருப்பீங்க. அந்த ஏரியாவுக்கே ‘ஐஸ் ஹவுஸ்’னு பேரு. ஏன் தெரியுமா? 1842-ல அந்தக் கட்டடத்தைக் கட்டினதே ஐஸ் வைக்கத்தான். அமெரிக்காவுல ஃபிரெடரிக் டியூடர்னு ஒரு வியாபாரி. குளிர்காலத்துல உறைஞ்சு கிடக்கற ஏரிகள்ல இருந்து ஐஸை அறுத்து, கப்பல்ல ஏத்தி, உலகம் பூரா வித்த ஆளு. ‘ஐஸ் ராஜா’ன்னே அவருக்குப் பட்டம்.

1833-ல ‘டஸ்கனி’ங்கிற கப்பல் பாஸ்டன்ல இருந்து 180 டன் ஐஸோட கல்கத்தாவுக்குக் கிளம்பிச்சு. நாலு மாசப் பயணம். பூமத்திய ரேகையை ரெண்டு தடவை தாண்டணும். போய்ச் சேர்ந்தப்போ சுமார் 100 டன் ஐஸ் அப்படியே இருந்துச்சு! கரென்ட் கிடையாது, கம்ப்ரஸர் கிடையாது. மரத்தூளையும் வைக்கோலையும் வச்சு இறுக்கமா சுத்தி வச்சதுதான் அந்த மேஜிக். அப்புறம் இங்கேயே மெஷின்ல ஐஸ் தயாரிக்க ஆரம்பிச்சதும் அந்த வியாபாரம் படுத்துடுச்சு. 1897-ல விவேகானந்தர் வந்து தங்கினதால அந்தக் கட்டடம் இப்போ அவர் பேர்ல இருக்கு.

நாலு மாசம் கடல்ல தாக்குப் பிடிச்ச ஐஸ், ஊசுட்டேரி போறதுக்குள்ள உருகுதுன்னா, தப்பு ஐஸ் மேல இல்லை மக்கா!

சரி, நாலு மாசம் தாங்கினது எப்படி? மரத்தூளுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு, அசைய முடியாம நிக்கிற காத்துதான் காரணம். அசையாத காத்து வெப்பத்தைச் சுலபமா கடத்தாது. ஐஸ் கடையில கட்டி ஐஸ் மேல உமியைக் கொட்டி, கோணிச் சாக்கைப் போட்டு மூடறாங்களே, அதுவும் இதே டெக்னிக்தான். தெர்மாகோல்? கிட்டத்தட்ட 98 சதவிகிதம் வெறும் காத்து! காசு கொடுத்து நாம வாங்கறது காத்தைத்தான்.

கணக்கு வாத்தியார் உள்ளே வர்றார்...

ஓடாதீங்க, ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ்தான். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேணும். அதே 80 கலோரியைக் கொடுத்தா, உருகின அந்த ஒரு கிராம் தண்ணி 80 டிகிரி வரைக்கும் சூடாயிடும். ஐஸ் எவ்வளவு பெரிய சோம்பேறின்னு பாருங்க! அந்தச் சோம்பேறித்தனம்தான் நமக்கு லாபம்.

சுமார் 40 லிட்டர் பெட்டி ஒண்ணை எடுத்துக்குவோம். வெளியில 35 டிகிரி, உள்ளே 0 டிகிரி. மூடி டைட்டா இருக்கு, பெட்டி நிழல்ல இருக்கு. 12 மணி நேரத்துல எவ்வளவு ஐஸ் கரையும்?

* இரண்டரை செ.மீ. தெர்மாகோல் சுவர்: சுமார் 5 கிலோ.
* 5 செ.மீ. தெர்மாகோல் சுவர்: சுமார் இரண்டரை கிலோ.
* 5 செ.மீ. பியூ ஃபோம் சுவர் (ஃப்ரிட்ஜ் சுவருக்குள்ள இருக்கற அதே கெட்டி நுரை): 2 கிலோவுக்கும் குறைவு.

பார்த்தீங்களா? சுவர் ரெண்டு மடங்கு தடிமன்னா, கரையறது பாதியாயிடும். கடைக்காரர் ‘எத்தனை லிட்டர் வேணும்?’னு கேட்டா, நீங்க ‘சுவர் எத்தனை செ.மீ. அண்ணே?’ன்னு திருப்பிக் கேளுங்க. அவரே ஒரு நிமிஷம் உங்களை நிமிர்ந்து பார்ப்பார்!

இன்னொரு கணக்கும் இருக்கு. 30 டிகிரியில இருக்கற ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் 12-ஐ பெட்டியில போட்டு, 5 டிகிரிக்குக் கொண்டுவர நினைக்கிறீங்க. அதுக்கு மட்டும் கிட்டத்தட்ட நாலு கிலோ ஐஸ் காலி! அதாவது, பைக்கை ஸ்டார்ட் பண்றதுக்குள்ளேயே பாதி ஐஸை பாட்டில் குடிச்சிடும். முந்தின நாள் ராத்திரியே பாட்டிலை எல்லாம் ஃப்ரிட்ஜ்ல வச்சு எடுத்தா, அந்த நாலு கிலோ மிச்சம். ஆயிரக்கணக்குல செலவு பண்ணி பெரிய பெட்டி வாங்கறதுக்கு முன்னாடி, செலவே இல்லாத இந்த வேலையைப் பண்ணுங்க.

மூணு ரகம், முப்பது விதம்!

தெர்மாகோல் பெட்டி: விலை கம்மி, வெயிட்டே இல்லை. தடிமனா இருந்தா ஐஸையும் நல்லா காக்கும். மீன் விக்கிற அம்மாக்கள் இதைத்தானே நம்பறாங்க! ஆனா, அவங்க கையாள்ற விதமே வேற. மூலைக்கு மூலை பிரவுன் டேப், சுத்தி பிளாஸ்டிக் சாக்கு... பார்த்துப் பார்த்து வச்சிருப்பாங்க. நம்ம கேங்ல அதுமேல ஒருத்தன் உட்கார்ந்துடுவான், முடிஞ்சது கதை. இன்னொரு ஆபத்து, பெட்ரோல் பட்டா தெர்மாகோல் கரைஞ்சு ஓட்டை விழும். பைக் டேங்க் மேல வச்சு ஓட்டறவங்க ஜாக்கிரதை! உடைஞ்சா அந்த வெள்ளை மணிகள் ஏரி பூரா மிதக்கும். ஊசுட்டேரி 2008-ல இருந்தே பறவைகள் சரணாலயம் பாஸ். அங்கே வர்ற பறவைக்கு நம்ம தெர்மாகோல் மணி, தீனி மாதிரி தெரியக் கூடாது.

சாதாரண பிளாஸ்டிக் ஐஸ் பாக்ஸ்: பாத்திரக் கடையில சிவப்பு, நீலத்துல அடுக்கி வச்சிருப்பாங்களே, அது. ரெண்டு பிளாஸ்டிக் சுவருக்கு நடுவுல ஃபோம். ஒரு நாள் டூருக்கு இது தாராளம். பைக்ல பின்னாடி உட்கார்றவர் மடியில வச்சுக்கலாம், டெம்போவுல காலுக்கு நடுவுல தள்ளிக்கலாம். ஆனா, எல்லாமே ஒரே தரம் கிடையாது. சிலதுல மூடிக்குள்ள ஃபோமே இருக்காது, வெறும் கூடு! கீழே எழுதியிருக்கற அஞ்சு டெஸ்ட்டும் முக்கியமா இந்த ரகத்துக்குத்தான்.

ரோட்டோ மோல்டிங் பெட்டி: பேரைக் கேட்டு மிரளாதீங்க. உங்க மொட்டை மாடியில வெயில்லயும் மழையிலயும் நிக்குதே கறுப்பு வாட்டர் டேங்க், அதைத் தயாரிக்கிற அதே முறைதான். பாலிதீன் பவுடரை அச்சுக்குள்ள போட்டு, சூடு பண்ணிக்கிட்டே எல்லாப் பக்கமும் சுத்துவாங்க. ஒட்டு, தையல் எதுவும் இல்லாம ஒரே துண்டா வரும். சுவருக்கு நடுவுல பியூ ஃபோம். மேல ஏறி நின்னாலும் அசையாது. 2006-ல அமெரிக்காவுல ‘யெட்டி’ங்கிற கம்பெனியை ரெண்டு அண்ணன் தம்பிங்க இந்த மாதிரிப் பெட்டியை வச்சுத்தான் ஆரம்பிச்சாங்க. நம்ம ஊர்ல மீன் வியாபாரத்துக்கு இதே முறையில பெரிய பெரிய பெட்டிகள் வருது. மைனஸ் என்ன? விலை அதிகம், வெயிட்டும் அதிகம். 40 லிட்டர்னா காலிப் பெட்டியே பத்து கிலோவை நெருங்கும். கார், வேன் இருந்தா யோசிங்க. பைக் கேங்குக்கு இது சரிப்படாது.

கடையிலேயே வைங்க டெஸ்ட்டு!

1. தட்டிப் பாருங்க: மூடியை விரலால தட்டுங்க. ‘டொக்... டொக்’னு காலி டப்பா சத்தம் வந்தா உள்ளே ஃபோம் இல்லை. சுவரைத் தட்டினா வர்ற கெட்டிச் சத்தம் மூடியிலயும் வரணும்.

2. பேப்பர் டெஸ்ட்: மூடிக்கும் பெட்டிக்கும் நடுவுல ஒரு பேப்பரை வச்சு மூடி, மெதுவா இழுங்க. பிடிச்சு இழுக்கற மாதிரி இருந்தா ஓ.கே. வழுக்கிக்கிட்டு வந்தா, அந்த வழியாத்தான் வெயில் உள்ளே போகும். நாலு பக்கமும் பாருங்க. ரப்பர் பீடிங் இருந்தா, அதைக் கழட்டி மாத்த முடியுமான்னு கேளுங்க.

3. கீலும் கைப்பிடியும்: பெட்டி முதல்ல உடையறது சுவர்ல இல்லை, இந்த ரெண்டு இடத்துலதான். பிளாஸ்டிக்கையே மடிச்சு விட்ட கீல் சீக்கிரம் பிய்ஞ்சிடும். கம்பி போட்ட கீல் நல்லது. கைப்பிடி ஆணியில தொங்குதா, பெட்டியோட சேர்ந்தே வார்த்திருக்கான்னு பாருங்க. 20 கிலோவைத் தூக்கப் போறீங்க; காலிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்து ஏமாறாதீங்க.

4. தண்ணி விடற மூடி: அடியில அழுத்தி வைக்கிற ரப்பர் மூடியை விட, வாஷர் போட்ட திருகு மூடி நம்பகமானது. வீட்டுக்கு வந்ததும் தண்ணி ஊத்தி, நியூஸ் பேப்பர் மேல ஒரு மணி நேரம் வச்சுப் பாருங்க. பேப்பர் நனைஞ்சா, பில்லோட கடைக்கு விடுங்க வண்டியை!

5. மோந்து பாருங்க: சிரிக்காதீங்க. உள்ளே கெமிக்கல் நாத்தம் அடிக்கற பெட்டியில சாப்பாடு வைக்கக் கூடாது. ‘ஃபுட் கிரேடு’ன்னு எழுதியிருக்கான்னும் பாருங்க. மீனுக்குப் பயன்படுத்தின பழைய பெட்டியைச் சல்லிசா வாங்கினா, அந்த வாசனை உங்க டிகிரி முடியற வரைக்கும் கூடவே வரும்.

போலியோ பெட்டி சொல்ற பாடம்

சின்ன வயசுல உங்க தெருவுக்கு நர்ஸ் அக்கா தோள்ல ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக்கிட்டு வந்தது ஞாபகம் இருக்கா? நாம பார்த்த ஐஸ் பெட்டியிலேயே ரொம்ப சாதிச்சது அதுதான். 1995-ல இந்தியாவுல பல்ஸ் போலியோ ஆரம்பிச்சுது. 2014 மார்ச் 27-ல நம்ம நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதியே போலியோ இல்லாத பகுதின்னு உலக சுகாதார நிறுவனம் சர்ட்டிஃபிகேட் கொடுத்துச்சு. கரென்ட் போகாத கிராமத்துக்கும் சொட்டு மருந்து கெடாம போய்ச் சேர்ந்ததுல அந்தப் பெட்டிக்கும் பங்கு இருக்கு. அந்த மாதிரிப் பெட்டிகளை 43 டிகிரி வெப்பத்துல வச்சு, எத்தனை மணி நேரம் தாங்குதுன்னு பார்த்துத்தான் உலக சுகாதார நிறுவனம் ஓ.கே. சொல்லுது. கீழே போட்டு உடையுதான்னும் பார்ப்பாங்க.

அதுல இன்னொரு பாடமும் இருக்கு. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் பேக்கை உடனே உள்ளே வைக்க மாட்டாங்க. வெளியில வச்சு, குலுக்கினா உள்ளே ‘களக் களக்’னு தண்ணிச் சத்தம் கேட்ட பிறகுதான் வைப்பாங்க. ஏன்னா, சில தடுப்பூசிகள் உறைஞ்சு போனா வீண். அதிகக் குளிரும் ஆபத்து!

உங்க கேங்ல இன்சுலின் போட்டுக்கிற ஃப்ரெண்டு யாராவது இருந்தா, இந்தப் பாடம் அவங்களுக்கு உயிர் விஷயம். திறக்காத இன்சுலினை 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். வெயில்ல வச்சாலும் கெடும், உறைஞ்சாலும் கெடும். பெட்டியில வைக்கும்போது ஐஸ் மேல நேரடியா படக் கூடாது. டப்பாவுல போட்டு, துண்டுல சுத்தி, மேல் தட்டுல வைங்க. ஒரு தடவை உறைஞ்சு போச்சுன்னா, உருகின பிறகும் அதைப் போட்டுக்கக் கூடாது. ‘இவனுக்கு இது எதுக்குடா தனியா?’ன்னு கிண்டல் பண்ணாம, அந்த டப்பாவுக்குத்தான் பெட்டியில முதல் ரிசர்வேஷன் கொடுங்க.

பேக்கிங் பரமசிவமா நீங்க?

* கிளம்பறதுக்கு முந்தின ராத்திரியே பெட்டிக்குள்ள கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி வைங்க. காலையில அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, புது ஐஸ் போடுங்க. வெயில்ல காய்ஞ்ச பெட்டியில போடற ஐஸ், முதல்ல பெட்டியையே குளிர வைக்கப் போயிடும்.

* கட்டி ஐஸ் ரொம்ப நேரம் நிக்கும். உடைச்ச ஐஸ் சீக்கிரம் குளிர வைக்கும். அடியில கட்டி, இடுக்குல உடைச்சது... இதுதான் ஃபார்முலா. மீன்காரங்க கணக்கு, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். குளிர வைக்காத பொருள்னா நீங்களும் எடைக்கு எடை போடுங்க.

* தண்ணி பாட்டிலை முக்கால் அளவு நிரப்பி உறைய வைங்க (முழுசா நிரப்பினா வெடிக்கும், ஐஸுக்கு 9 சதவிகிதம் இடம் அதிகம் வேணும்). காலையில அது ஐஸ், சாயங்காலம் குடிதண்ணி. ஒரே டிக்கெட்ல ரெண்டு படம்!

* பெட்டியில காலி இடம் விடாதீங்க. மிச்ச இடத்துல துணியோ நியூஸ் பேப்பரோ திணிச்சிடுங்க. உருகின தண்ணியை அவசரப்பட்டுக் கொட்டவும் வேணாம், அதுவும் ஜில்லுதான். சாப்பாட்டு டப்பா மட்டும் அதுல முங்கக் கூடாது.

* பெட்டி மேல ஈரக் கோணிச் சாக்கைப் போர்த்துங்க. சாக்குல தண்ணி ஆவியாகும்போது மேல்புறச் சூடு குறையும். வில்லியனூர் சுடுமண் வேலைக்கு புவிசார் குறியீடே உண்டு. அந்த மண்பானையில தண்ணி ஜில்லுன்னு ஆகறதும் இதே ஆவியாதல்தான்.

* ரெண்டு பெட்டி இருந்தா ரொம்ப நல்லது. ஒண்ணு குடிக்கிறதுக்கு, அதைத்தான் நிமிஷத்துக்கு ஒரு தரம் திறப்பீங்க. இன்னொண்ணு சாப்பாட்டுக்கு, மதியம் வரைக்கும் கையே வைக்கக் கூடாது.

வயிறு பத்திரம் பாஸ்!

சமைச்ச சாப்பாட்டை வெளியில ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 5 டிகிரிக்குக் கீழே இல்லைன்னா 60 டிகிரிக்கு மேல. நடுவுல இருக்கறது கிருமிகளுக்கு ஹாஸ்டல் மெஸ்! சூடான பிரியாணியை ஐஸ் பெட்டியில வைக்கவே வைக்காதீங்க, ஹாட் பாக்ஸ்ல கொண்டு போங்க. பச்சைச் சிக்கனை மூடி போட்ட டப்பாவுல அடித்தட்டுல வைங்க. அதோட தண்ணி தயிர் சாதத்துல சொட்டினா அவ்வளவுதான்.

கட்டி ஐஸை உடைச்சு ஜூஸ்ல போடறது வேணவே வேணாம். அது மீனையும் பாட்டிலையும் குளிர வைக்கிற ஐஸ். குடிக்கிற தண்ணியிலதான் செஞ்சாங்கன்னு எப்படித் தெரியும்? மகாராஷ்டிராவுல 2018-ல, சாப்பிடக் கூடாத ஐஸுக்கு நீலக் கலர் சேர்க்கணும்னே உத்தரவு போட்டாங்க. நம்ம கண்ணுக்கு எல்லா ஐஸும் வெள்ளைதான்!

‘ட்ரை ஐஸ் போட்டா உருகவே உருகாதாமே?’ன்னு கேங்ல ஒரு சயின்டிஸ்ட் கிளம்புவார். அது தண்ணியே இல்லை, உறைஞ்ச கார்பன் டை ஆக்ஸைடு. மைனஸ் 78 டிகிரி. கையில பட்டா தோல் வெந்துடும். மூடின காருக்குள்ள மூச்சு முட்டும். டைட்டா மூடின பெட்டி வெடிக்கவும் வாய்ப்பு இருக்கு. 2024 மார்ச்ல குருகிராம்ல ஒரு ரெஸ்டாரன்ட்ல, மவுத் ஃப்ரெஷ்னர்னு நினைச்சு ட்ரை ஐஸை வாயில போட்டவங்க ரத்த வாந்தி எடுத்து ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. சயின்டிஸ்ட்டை அன்போட உட்கார வைங்க.

பங்கு போடுங்க, பத்திரமா வைங்க!

சும்மா ஒரு கணக்குக்கு... 250 ரூபா தெர்மாகோல் பெட்டி ரெண்டு டூர்ல உடைஞ்சா, டூருக்கு 125 ரூபா. 2,500 ரூபா பெட்டி 40 டூர் தாங்கினா, டூருக்கு 62 ரூபா 50 பைசா. பத்து பேர் பங்கு போட்டா தலைக்கு 250. எது சீப்புன்னு நீங்களே சொல்லுங்க!

ஆனா, 40 டூர் தாங்கறது பெட்டி கையில மட்டும் இல்லை, உங்க கையிலயும் இருக்கு. திரும்பி வந்ததும் சோப்பு போட்டுக் கழுவி, மூடியைத் திறந்தே நிழல்ல காய வைங்க. ஈரத்தோட மூடினா பூஞ்சை பிடிக்கும். வெயில்லயே போட்டு வச்சா பிளாஸ்டிக் வெளுத்து நொறுங்கிடும். எல்லாத்தையும் விட முக்கியம், பெட்டி யார் வீட்டுல இருக்கும்னு வாங்கற அன்னைக்கே முடிவு பண்ணிடுங்க. பத்து பேர் காசுல வாங்கின பெட்டி, பத்தாவது நாள்ல யார் வீட்டுல இருக்குன்னே தெரியாம போன கதை எல்லாக் காலேஜ்லயும் உண்டு.

சரி, அடுத்த லீவுக்கு எந்த ஏரிக்கரைன்னு முடிவு பண்ணிட்டீங்களா? பாட்டிலை இன்னைக்கு ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல வச்சுடுங்க. ஃப்ரிட்ஜ்ல இடமில்லைன்னு அம்மா சத்தம் போடுவாங்க...

அதுக்குத்தான் இருக்கவே இருக்கே, உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச அந்த இன்னொரு ‘ஐஸ்’. வைங்க!